குலுக்கை இருந்த மூலையில் ஒரு ஃப்ரீசர்

மேற்குத் தொடர்ச்சி மலை இறங்கி வந்து வயலாகும் இடத்தில் இருக்கிறது கூமாப்பட்டி. விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்பு வட்டாரம். ஊருக்கு மேற்கே பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். 2025இல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்த ஊரின் பெயரைத் தமிழகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் தண்ணீரும் தென்னையும் நெல்லும் மாவும் அதற்கு வெகு காலம் முன்பே இங்கே இருந்தன. கிழக்கே இறங்க இறங்க நஞ்சை முடிந்து, வானம் பார்த்த கரிசல் தொடங்குகிறது.

நஞ்சைக்கும் கரிசலுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. விளைவதெல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். சித்திரை, வைகாசியில் ராஜபாளையம் பக்கத்துச் சப்பட்டை, பஞ்சவர்ணம் மாம்பழங்கள் கூடை கூடையாக இறங்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசல் காட்டில் அதலைக்காய் கொடி ஓடும். கண்மாய் வற்றினால் ஊரே மீன் பிடிக்கும். குலசாமிக்குக் கிடா வெட்டினால் பங்குக் கறி வீடு வந்து சேரும். இரண்டு வாரம் திகட்டத் திகட்ட இருக்கும். பிறகு அடுத்த வருஷம்தான்.

இந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதற்கு இன்று கிடைக்கும் விடை, வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கும்போதே இரண்டாவதாக வாங்கி வைக்கும் டீப் ஃப்ரீசர். கடை சாமானாகவே பார்த்துப் பழகிய அந்த வெள்ளைப் பெட்டி வீட்டுக்குள் வந்த கதை சின்னது. அதற்கு முன்னால் அதே மூலையில் நின்ற பொருட்களின் கதை பெரியது.

அந்த மூலையில் பெரும்பாலும் நின்றது குலுக்கை. வைக்கோலும் களிமண்ணும் சேர்த்துக் குழைத்து, வளையம் வளையமாக ஏற்றி, சாணம் மெழுகிக் காயவைத்த ஆளுயர மண் கலம். கரிசல் வீடுகளில் கம்பும் சோளமும், நஞ்சை வீடுகளில் நெல்லும் அதற்குள் போயின. மேலே வாய், அடியில் ஒரு சிறு துளை. துளையைப் பழந்துணியால் அடைத்து வைப்பார்கள். தேவைப்படும்போது துணியை உருவினால் தானியம் தானாகக் கொட்டும். போன வருஷத்துக் கம்பு அடியில் இருக்கும். இந்த வருஷத்தது மேலே விழும். ஆகவே பழையதுதான் முதலில் அடுப்புக்குப் போகும். இதற்கு யாரும் கணக்கு எழுதவும் வேண்டாம், நினைவு வைக்கவும் வேண்டாம். கலத்தின் வடிவமே அதைப் பார்த்துக்கொண்டது.

குலுக்கைக்குள் போகும் முன்பே தானியத்தை வெயில் பார்த்திருக்கும். நன்றாகக் காயாத நெல் புழுங்கிப் பூசணம் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். துவரையைச் செம்மண் கரைசலில் புரட்டிக் காயவைத்தார்கள், வண்டு அண்டாது. விதைக்கென்று எடுத்து வைத்தது சுரைக்குடுக்கையில், சாம்பலோடு.

காய்கறிக்கும் வெயில்தான். சீனியவரை, சுண்டை, கத்தரி, மிதுக்கு, மோர் மிளகாய் என்று கோடை முழுக்க மொட்டை மாடியிலும் களத்திலும் விரிந்தவை எல்லாம் வற்றலாகிப் பானைக்குள் போயின. மாங்காய் உப்பில் ஊறியது. கண்மாய் மீன் கருவாடானது. கிடாக்கறியில் மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு, காக்கைக்குக் காவல் போட்டு உப்புக்கண்டம் ஆக்கினார்கள்.

பாலுக்கு இந்த வட்டாரம் கண்டுபிடித்த வழி உலகம் அறிந்தது. கறந்த பால் கோடையில் சில மணி நேரம்கூடத் தாங்காது. அதையே சர்க்கரை சேர்த்து விறகு அடுப்பில் கிண்டிக்கொண்டே இருந்தால் தண்ணீரெல்லாம் ஆவியாகி, பத்து லிட்டர் பால் சில கிலோ பால்கோவாவாகச் சுருங்கும்; ஒரு வாரம்கூட இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேரடியைச் சுற்றியுள்ள கடைகளில் அதை வாங்குகிறவர்கள் இனிப்பாகத்தான் பார்க்கிறார்கள். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் மிஞ்சிய பாலைக் காப்பாற்ற மாடு வளர்க்கும் ஒரு வட்டாரம் கண்ட உபாயம் என்றும் அதைப் பார்க்கலாம்.

வெயில், உப்பு, சர்க்கரை, தீ ஆகிய நான்கும் செய்வது ஒரே வேலை. பாக்டீரியாவும் பூசணமும் வாழத் தண்ணீர் வேண்டும். வெயிலும் தீயும் அந்தத் தண்ணீரை வெளியேற்றுகின்றன. உப்பும் சர்க்கரையும் அதைத் தம்மோடு பிணைத்து, நுண்ணுயிர்களுக்கு எட்டாமல் செய்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரு விலை இருந்தது: காப்பாற்றிய பொருள் பழைய பொருளாக இருக்காது. வற்றலில் பச்சைக் காயின் ருசி இல்லை. உப்புக்கண்டம் தனிச் சுவை. அது கறி ஆகாது. தண்ணீரை வெளியேற்றாமல், இருந்த இடத்திலேயே உறையவைத்து நிறுத்தும் வழி வெப்ப நாட்டில் கையில் இல்லை.

அந்தக் குளிர் தமிழ்நாட்டுக்கு முதலில் கப்பலில் வந்தது. பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளின் பனியைப் பாளம் பாளமாக வெட்டி, மரத்தூளில் புதைத்து வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் பனியோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842 வாக்கில் பனியைச் சேமிக்க வட்ட வடிவக் கட்டடம் ஒன்று எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பகுதிக்கே ஒட்டிக்கொண்டது. ஐரோப்பியர்களின் மேசைக்கும் மருத்துவத் தேவைக்கும் போன அந்தப் பனி, விருதுநகர்ப் பக்கத்துச் சம்சாரி கண்ணில் பட வழியே இல்லை.

1870களில் சென்னையிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கிய பிறகு அமெரிக்கப் பனிக்கு மவுசு போனது. ஐஸ் ஹவுஸ் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் கைக்கு வந்து வீடானது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். பனி இருந்த இடத்தில் கண்காட்சி இருக்கிறது.

இயந்திரப் பனிக்கு மின்சாரமோ நீராவியோ வேண்டும். தென்மாவட்டங்களில் மின்சாரம் முதலில் தேடிப் போனது மில்களைத்தான். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1944இல் தாமிரபரணியில் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1957இல் மின்சார வாரியம் அமைந்தது; காமராஜர் ஆட்சிக் காலத்தில் கம்பிகள் கிராமங்களுக்கு வேகமாக நீண்டன. அவை ஊருக்குள் வந்தபோதும் முதலில் ஓடியது வயல்காட்டு மோட்டார். வீட்டுக்குள் ஒரு குண்டு பல்பு. குளிருக்கு இன்னும் நாள் இருந்தது.

கிராமம் குளிரைத் தொட்டுப் பார்த்தது குச்சி ஐஸில். டவுன் ஐஸ் கம்பெனியில் உப்புநீர்த் தொட்டிக்குள் அச்சுகளை இறக்கி உறையவைத்த சேமியா ஐஸும் பால் ஐஸும், சைக்கிளில் கட்டிய மரப்பெட்டியில் ஊருக்கு வந்தன. இந்தத் தொழிலில் பெரிதாக வளர்ந்தவர் இந்த மாவட்டத்துக்காரரே. சிவகாசிக்குப் பக்கத்துத் திருத்தங்கலைச் சேர்ந்த ஆர்.ஜி. சந்திரமோகன் 1970இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலீட்டில், ஒரு சின்ன இடத்தில் குச்சி ஐஸ் செய்யத் தொடங்கினார். கல்லூரி விடுதிகள், கப்பல்கள் என்று வாடிக்கை தேடியவர், பெருநகரத்தில் பெரிய நிறுவனங்களோடு மோதுவதைவிடச் சிறு நகரங்களைப் பிடிப்பது மேல் என்று திரும்பினார். அருண் ஐஸ்கிரீம் அப்படித்தான் டவுன் டவுனாகப் பரவியது. பின்னாளில் ஹட்சன் நிறுவனமாக வளர்ந்ததும் அதுவே. ஐஸ்கிரீம் பரவ வேண்டுமானால் கடைதோறும் டீப் ஃப்ரீசர் வேண்டும். மேல்மூடியைத் தள்ளித் திறக்கும் அந்தப் பெட்டியைத் தமிழ்நாட்டுச் சிறு ஊர்கள் அறிந்தது பெரும்பாலும் ஐஸ்கிரீம் கடையில்தான்.

வீட்டுக்கான கதை 1958இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு கோத்ரெஜ் நிறுவனம் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஒத்துழைப்போடு இந்தியாவிலேயே ஃப்ரிட்ஜ் செய்தது. வெகு காலம் அது வரதட்சணைப் பட்டியலிலும் பணக்கார வீட்டுக் கூடத்திலும் மட்டும் இருந்த பொருள். தமிழ் வீட்டுக்கு அதை அவசியமாக்கியது மாவு. கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955இல் உருவாக்கிய வெட் கிரைண்டர் உரலை ஓரம் கட்டியது. ஒரு வாரத்து இட்லி மாவை ஒரே நாளில் ஆட்டிவிடலாம். ஆனால் வெயிலில் அது மறுநாளே புளித்துப் பொங்கும். புளிப்பை நிறுத்தி வைக்க ஃப்ரிட்ஜ் வந்தது.

ஃப்ரீசரின் வேலை வேறு. மாவைப் புளிக்காமல் வைக்க 4 டிகிரி போதும். கறியையும் மீனையும் மாதக்கணக்கில் வைக்க மைனஸ் 18 டிகிரி வேண்டும். அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ 1910களில் இன்றைய கனடாவின் லாப்ரடார் பகுதியில் வேலை பார்த்தபோது, அங்கிருந்த இனுவிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் நொடியில் உறைவதையும், மாதங்கள் கழித்து உருக்கினாலும் புதிது போலவே இருப்பதையும் பார்த்தார். மெல்ல உறைந்தால் உள்ளே பெரிய பனிப் படிகங்கள் உருவாகித் தசையைக் கிழிக்கும். உருகும்போது சாறெல்லாம் ஒழுகிவிடும். வேகமாக உறைந்தால் படிகங்கள் நுண்ணியவை, தசை குலையாது. 1930 மார்ச்சில் மாசசூசெட்ஸ் மாநில ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் 18 கடைகளில் அவர் முறைப்படி உறைந்த பொருட்கள் விற்பனைக்கு வந்தன. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் அறை பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரிக் குளிரைத் தொடாது. நாளைக்கு இருபது முறை கதவு திறக்கும் வீட்டில் தொட்டாலும் நிற்காது. தனி ஃப்ரீசர் தேவைப்படுவது இதனால்தான்.

தமிழ் வீடுகள் அதை வாங்கத் தயங்கியதற்குக் காரணங்கள் இருந்தன. முதலாவது, கரண்ட். 2008 முதல் 2013 வரை தமிழகத்தை வாட்டிய மின்வெட்டு, 2012இல் மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. அந்த நாட்களில் ஃப்ரீசர் வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை. இரண்டாவது, மனத் தடை. தென்மாவட்டக் கிராமங்களில் ஃப்ரீசர் பாக்ஸ் என்றாலே வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை சாவு வீட்டுக்கு வாடகைக்கு வரும் கண்ணாடிப் பெட்டிதான் நினைவுக்கு வரும். ‘வீட்டுக்குள்ள எதுக்கு அதெல்லாம்?’ என்று பெரியவர்கள் முகம் சுளித்ததில் ஆச்சரியமில்லை. மூன்றாவது, பழையது ஆகாது என்ற எண்ணம். அன்றாடம் சந்தை கூடும் ஊரில், நேற்று அறுத்த கறியை எதற்கு வைக்க வேண்டும்?

கடல் கடந்த தமிழர்கள் இந்தத் தயக்கத்தை முன்பே கடந்துவிட்டார்கள். டொராண்டோவிலும் லண்டனிலும் ஈழத் தமிழர் கடைகளில் உறைந்த தேங்காய்த் துருவல், முருங்கைக்காய், பலாக்கொட்டை, மீன் என்று தனி வரிசையே உண்டு. கனடா வீடுகளின் நிலவறையில் ஒரு பெரிய ஃப்ரீசர் நிற்பது வெகு சாதாரணம். அங்கே அது ஊர் ருசிக்கான கிட்டங்கி.

இங்கே இன்று அதை யோசிக்கிற வீடு முதலில் பார்க்க வேண்டியது வடிவம். மேல்மூடித் திறப்பு, நிமிர்ந்த கதவு என்று இரண்டு வகை. குளிர்ந்த காற்று கனமானது; மேல்மூடியைத் திறந்தால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும், நிமிர்ந்த கதவைத் திறந்தால் காலடியில் கொட்டிவிடும். மின்சாரம் போய் வரும் ஊருக்கு மேல்மூடிப் பெட்டி நல்லது. நிறைந்த ஃப்ரீசர், மூடியைத் திறக்காமல் விட்டால் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். பாதி நிறைந்தது ஒரு நாள்தான். கடைகளில் இருக்கும் கண்ணாடி மூடி வீட்டுக்கு வேண்டாம். அது சரக்கைக் காட்டுவதற்காகச் செய்தது. குளிரைக் காப்பதில் கனத்த மூடிக்கு ஈடாகாது.

அடுத்தது அளவு. நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 200 லிட்டர் தாராளம். பெரிதாக வாங்கிப் பாதி காலியாக ஓட்டினால் கரண்டும் வீண், குளிரும் நிலைக்காது. அளவையும் வெயிலையும் பொறுத்து நாளுக்கு ஒன்று முதல் இரண்டு யூனிட் இழுக்கும் என்று வைத்தால், இரண்டு மாத பில்லில் 60 முதல் 120 யூனிட் கூடும். 2016இல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமானது. ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடும். எல்லையை ஒட்டி ஓடும் வீடு இதை முதலில் கணக்குப் போட வேண்டும். டீப் ஃப்ரீசர்களுக்கும் 2020 முதல் நட்சத்திர முத்திரைத் திட்டம் இருப்பதால், கடையில் அதைக் கேட்டுப் பார்த்து வாங்கலாம். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவாக இருந்தால் ஸ்டெபிலைசர் தனி. வைக்கும் இடம் நிழலாக, சுற்றிலும் கொஞ்சம் காற்று ஓடும்படி இருக்க வேண்டும். தகரக் கொட்டகையில் வைத்தால் கம்ப்ரசர் இரவு பகலாக ஓடித் தேயும்.

பழைய மாடல்களின் குளிரூட்டும் வாயு இன்னொரு வரலாறு. 1928இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழு உருவாக்கிய ஃப்ரியான், விஷமில்லாத வாயு என்று கொண்டாடப்பட்டு, பிறகு ஓசோன் படலத்தை அரிப்பது தெரிந்து, 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தால் ஒதுக்கப்பட்டது. இப்போது வரும் வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் ஹைட்ரோகார்பன் வாயுக்கள். அவை தீப்பற்றக் கூடியவை என்பதால், பனியைக் கத்தியால் குத்திப் பெயர்க்கும் வழக்கம் ஆபத்து.

பெட்டி வந்த பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கும். குலுக்கைக்கு அடியில் துளை இருந்தது. மேல்மூடி ஃப்ரீசருக்கு இல்லை. போடுவதும் மேலே, எடுப்பதும் மேலே. ஆகவே நேற்று வைத்தது இன்று சமையலுக்குப் போகும். போன பங்குனியில் வைத்தது அடியிலேயே கிடக்கும். எட்டு மாதம் கழித்துக் கையில் தட்டும் வெளிறிய பொட்டலம் மட்டனா, மாங்காயா என்று வீட்டில் விவாதம் நடக்கும். குலுக்கை வடிவத்தாலேயே தீர்த்த கணக்கை, ஃப்ரீசர் வைத்திருக்கும் வீடு கையால் போட வேண்டியிருக்கிறது.

அதற்கு வழி கூடை. பெட்டியோடு வரும் கம்பிக் கூடை ஒன்று போதாது. பிளாஸ்டிக் கூடைகள் நான்கைந்து வாங்கி, வகைக்கு ஒன்றாகப் பிரித்தால் அடியில் இருப்பதைத் தூக்கி எடுக்கலாம். கறியும் மீனும் கீழே, தனித்தனிக் கூடையில். கசிந்தாலும் வேறு எதன் மேலும் ஒழுகாது. காய்கறி நடுவில். தேங்காய்த் துருவல், எலுமிச்சைச் சாறு, அரைத்த மசாலா போல அடிக்கடி எடுப்பவை மேலே. ஒவ்வொரு பொட்டலத்திலும் பொருளின் பெயரும் தேதியும். மூடியின் மேல் ஒரு தாள் ஒட்டி, வைத்ததை எழுதி, எடுத்ததை அடித்துவிட்டால் திறந்து தேடும் நேரம் குறையும்.

பொட்டலம் கட்டுவதிலும் சூட்சுமம் உண்டு. ஒரு வேளைக்கு வேண்டிய அளவே ஒரு பொட்டலம். உருக்கியதைத் திரும்ப உறையவைத்தால் சாறு போய்விடும், கெடவும் வாய்ப்பு. உருண்டையாகக் கட்டாமல் தட்டையாக அழுத்தினால் சீக்கிரம் உறையும், அடுக்கவும் வசதி. காற்றை வெளியேற்றாவிட்டால் கறியின் மேல்பக்கம் காய்ந்து வெளுக்கும். கிடா வெட்டிய அன்று பத்துக் கிலோவையும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளினால் பெட்டி சூடாகி எல்லாம் மெதுவாக உறையும்; பகுதி பகுதியாக வைப்பதுதான் முறை. உறைதல் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும். கெடத் தொடங்கிய மீனை ஃப்ரீசர் நல்லதாக்கித் தராது.

சீனியவரை, முருங்கைக்காய் போன்றவற்றைப் பச்சையாக வைத்தால் உள்ளிருக்கும் நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு, உடனே குளிர்ந்த நீரில் அலசி, ஈரம் துடைத்து வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். பறித்த அன்றே சமைக்காவிட்டால் வெடித்து வீணாகும் அதலைக்காய்க்கு இது பெரிய வரம். சப்பட்டை மாம்பழத்தைச் சதையாக வழித்து வைத்தால் தீபாவளிக்குக்கூட ஜூஸ் கிடைக்கும். எண்ணெய்ச் சத்து அதிகமுள்ள மத்தி, அயிலை போன்ற மீன்களை இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மட்டன் ஆறு மாதத்துக்கு மேலும் தாங்கும்.

உள்ளே போகக் கூடாதவையும் உண்டு. முட்டை ஓட்டோடு உறைந்தால் வெடிக்கும். உருளைக்கிழங்கு உருகும்போது சொதசொதக்கும். தயிர் திரிந்து தண்ணீர் தனியாகும். வற்றலுக்கும் மோர் மிளகாய்க்கும் அங்கே இடம் தேவையில்லை. தண்ணீர் போன பொருள் மூடிய டப்பாவில் செலவில்லாமல் இருந்துகொள்ளும். ஆகவே ஃப்ரீசர் வந்த வீடுகளிலும் மொட்டை மாடியில் வற்றல் காய்கிறது. உப்புக்கண்டம்தான் குறைந்து வருகிறது, கறியைக் கறியாகவே வைக்க வழி வந்துவிட்டதால்.

மேல்மூடிப் பெட்டிகளில் பெரும்பாலானவை தானாகப் பனி கரைப்பதில்லை. சுவரில் அரை சென்டிமீட்டருக்கு மேல் பனி படிந்தால் கரண்ட் செலவு ஏறும். ஆண்டுக்கு ஒருமுறையாவது காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து வைத்து, அடியில் உள்ள வடிகால் அடைப்பை எடுத்துவிட வேண்டும். மாம்பழம் வருவதற்கு முன்னால், மாசி கடைசியில் பெட்டி பெரும்பாலும் காலியாக இருக்கும். இந்த வட்டாரத்து விளைச்சல் கணக்குக்கு அதுவே தோதான நேரம். அந்தச் சுத்தம் முடிந்து, துடைத்துக் காய்ந்து, பெட்டி மறுபடி மைனஸ் 18 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் சித்திரையின் முதல் கூடை உள்ளே போக வேண்டும்.